தேருக்கு முன்னால் நடப்பவர்கள்

திருச்சிற்றம்பலம்.



இந்த மாதச் சமயச் சிந்தனையை என்னை எழுதச் சொன்னார்கள். நான் பெரிய சமயப் பேச்சாளர் இல்லை. மெக்கானிக்கல் இன்ஜினியரிங் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன், ஞாயிற்றுக்கிழமை திருமுறை வகுப்புக்குப் போகிறேன், அவ்வளவுதான். அதனால் உபதேசம் செய்ய வரவில்லை. நான் செய்த ஒரு தப்பைச் சொல்லி, அதிலிருந்து எனக்குப் புரிந்ததை உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

போன வருஷம் ஒரு கோவில் திருவிழா. எந்தக் கோவில் என்பது வேண்டாம், ஏன்னா தப்பு கோவிலோடது இல்லை, என்னோடது. இளைஞர் பிரிவு சார்பாக நிகழ்ச்சி நிரல் புத்தகம் தயாரிப்பதும், வருகிற கலைஞர்களைக் கவனித்துக்கொள்வதும் என் பொறுப்பு. இரண்டாம் நாள் இரவு பரதநாட்டியம். மூன்றாம் நாள் இரவு தேர்.

நாட்டியக் குழு கோலாலம்பூரிலிருந்து வந்தது. ஒன்றரை மணி நேர நிகழ்ச்சி. அவர்களுக்குத் தங்க அறை, அழைத்து வர கார், மேடையில் பொன்னாடை, மாலை. புத்தகத்தில் குருவின் படத்தோடு ஒரு முழுப் பக்கம், ஆடிய ஒவ்வொரு பிள்ளையின் பேரும் போட்டேன். நிகழ்ச்சி முடிந்ததும் மண்டபத்தில் வாழை இலை போட்டு உட்கார வைத்துப் பரிமாறினோம். செய்ய வேண்டியதுதான். அருமையாக ஆடினார்கள்.

மறுநாள் தேருக்குப் பிறையிலிருந்து ஓர் உறுமி மேளக் குழு வந்தது. சாயங்காலம் ஆறு மணிக்குத் தேர் கிளம்பியதிலிருந்து இரவு பதினோரு மணிக்குத் திரும்பி வந்த வரைக்கும் அவர்கள் தோளில் இருந்து மேளம் இறங்கவில்லை. ஐந்து மணி நேரம், நடந்துகொண்டே. நடுவில் மழையும் தூறியது. புத்தகத்தில் அவர்களைப் பற்றி நான் போட்டது ஒரே வரி: "மாலை 6.00: உறுமி மேளத்துடன் ரத ஊர்வலம்." அந்தக் குழுவுக்கு ஒரு பேர் இருக்கிறது. பதினான்கு பேர் இருக்கிறார்கள். ஒரு பேரையும் நான் கேட்கவே இல்லை.

தேர் நின்றதும் குழுத் தலைவர் அண்ணன் என்னிடம் வந்தார். சட்டையெல்லாம் நனைந்திருந்தது. நான் சொன்னேன், "அண்ணே, உள்ளே கூட்டமா இருக்கு. பசங்கள பின்பக்கமா வரச் சொல்லுங்க, அங்கே சாப்பாடு எடுத்து வைக்கிறேன்."

உள்ளே கூட்டம் இல்லை நண்பர்களே. பாதி மேசை காலியாக இருந்தது. ஆனால் அந்த வார்த்தை என் வாயிலிருந்து அவ்வளவு சுலபமாக வந்தது. யோசித்துச் சொன்னால்கூட அப்படி வந்திருக்காது. யாரும் எனக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை. பார்த்துப் பார்த்துத் தானாகவே கற்றுக்கொண்டது.

அவர் கோபப்படவில்லை. "பரவால்ல தம்பி, எங்களுக்குப் பழக்கம்தான்" என்றார்.

பின்பக்கம் சமையற்கட்டுக்கு வெளியே நின்றபடி சாப்பிட்டார்கள். சோறு, ரசம், கொஞ்சம் கோஸ் பொரியல். பாயசம் தீர்ந்து போயிருந்தது. அவரோடு அவர் மகளும் வந்திருந்தாள், தமிழ்ப்பள்ளியில் நான்காம் ஆண்டு. பேச்சுக்கு, "டான்ஸ் பிடிக்குமா?" என்று கேட்டேன். இரண்டு வருஷமாகப் பரதநாட்டியம் கற்றுக்கொள்கிறாளாம். "அப்போ ஒரு நாள் அப்பா மேளத்துக்கு நீ ஆடலாமே?" என்றேன். அவள் பதில் சொல்லாமல் அப்பாவைப் பார்த்தாள்.

அவர்தான் சொன்னார். "டான்ஸ் கிளாஸ்ல, அப்பா ஃபேக்டரில வேலைன்னு மட்டும் சொல்லுன்னு நான்தான் சொல்லி வச்சிருக்கேன். ஃபேக்டரி வேலையும் பொய் இல்ல. உறுமின்னு சொன்னா ஒரு மாதிரி பார்ப்பாங்க தம்பி."

அந்த வகுப்புக் கட்டணம் எங்கிருந்து வருகிறது தெரியுமா? பெரும்பாலும் உறுமிப் பணத்திலிருந்துதான். ஓர் அப்பா தன் தோளில் சுமக்கிற கலையை மறைத்து வைத்து, அந்தக் காசில் மகளுக்கு வேறொரு கலையை வாங்கித் தருகிறார். ஒன்று மரியாதையான கலை, இன்னொன்று மறைக்க வேண்டிய கலை. இரண்டும் ஒரே சாமிக்குத்தானே செய்கிறோம்?

இந்தக் கேள்வி அன்று ராத்திரி என்னைத் தூங்க விடவில்லை. நம் சமயம் இதற்கு என்ன பதில் சொல்கிறது என்று தேட ஆரம்பித்தேன்.

பொற்பலகை

பெரிய புராணத்தில் திருநீலகண்ட யாழ்ப்பாணர் என்று ஒரு நாயனார். எருக்கத்தம்புலியூர்க்காரர். பாணர் குலம். ஊர் ஊராகப் போய் யாழ் வாசித்துச் சிவனைப் பாடுவது அவர் வாழ்க்கை. இன்றைய பாஷையில் சொன்னால் தெருக் கலைஞர்தான். மதுரைக்கு வந்தார். கோவிலுக்குள் போகவில்லை. குலத்தின் காரணமாக வாசலில் நின்றபடியே வாசித்தார்.

உள்ளே இருந்த ஆலவாய் அண்ணல் என்ன செய்தார்? அடியார்களின் கனவில் தோன்றி, அவரை உள்ளே அழைத்து வரச் சொன்னார். மறுநாள் பாணர் சன்னதியில் தரையில் உட்கார்ந்து வாசிக்கிறார். அப்போது ஒரு அசரீரி. தரையின் ஈரம் பட்டால் யாழின் நரம்பு தளர்ந்துவிடும், அவருக்குப் பொற்பலகை போடுங்கள் என்று.

இந்த இடத்தைத் திருமுறை வகுப்பில் பல தடவை படித்திருக்கிறேன். இந்த வருஷம் படித்தபோதுதான் உறைத்தது. சிவபெருமான் கவலைப்பட்டது எதற்கு? ஒரு கலைஞனின் கருவி ஈரத்தில் கெட்டுப் போகக் கூடாதே என்பதற்கு. நான் என்ன செய்தேன்? மழையில் நனைந்த பதினான்கு மேளங்களை எங்கே வைப்பது என்றுகூடக் கேட்கவில்லை.

அதோடு முடியவில்லை. அந்தப் பாணரையும் அவர் மனைவி மதங்கசூளாமணியாரையும் கூட்டிக்கொண்டு திருஞானசம்பந்தர் திருச்சாத்தமங்கைக்கு வருகிறார். அங்கே திருநீலநக்கர் என்ற வேதியர் வீட்டில் தங்கல். ராத்திரி பாணரும் அவர் மனைவியும் படுக்க ஓர் இடம் கொடுங்கள் என்று சம்பந்தர் கேட்கிறார். நீலநக்கர் பின்கட்டைக் காட்டவில்லை, திண்ணையைக் காட்டவில்லை. வீட்டின் நடுவே வேள்வித் தீ எரிகிற வேதிகைப் பக்கத்தில் இடம் கொடுத்தார். அந்தத் தீ அணையவில்லை. இன்னும் ஓங்கி, வலமாகச் சுழித்து எரிந்தது என்கிறார் சேக்கிழார்.

தீட்டு என்று பயந்திருந்தால் தீ மங்கியிருக்க வேண்டும். அது சந்தோஷப்பட்டது. இதைவிடத் தெளிவாக நம் சமயம் எப்படிச் சொல்லும்?

வைணவத்திலும் இதே கதை இருக்கிறது. திருப்பாணாழ்வாரும் பாணர்தான். காவிரிக் கரையில் நின்று அரங்கனைப் பாடிக்கொண்டிருந்தவர். கோவில் தொண்டு செய்த லோகசாரங்க முனிவர் வழியை விட்டு விலகச் சொல்லிக் கல்லெறிந்தார், ரத்தம் வந்தது. கடைசியில் அரங்கன் ஆணையால் அந்த முனிவரே ஆழ்வாரைத் தன் தோளில் சுமந்து உள்ளே கொண்டுபோனார். கல்லெறிந்த கையே தூக்கிச் சுமந்தது. அதனால்தான் ஆழ்வாருக்கு 'முனிவாகனர்' என்று ஒரு பேர்.

அடுத்தது ஆதனூர் நந்தனார், திருநாளைப்போவார் நாயனார். அவர் கோவில்களுக்கு என்ன கைங்கரியம் செய்தார் என்று கேட்டால் நம்மில் பல பேருக்குத் தெரியாது. பேரிகைகளுக்குத் தோலும் வாரும் கொடுத்தார். யாழுக்கும் வீணைக்கும் நரம்பு கொடுத்தார். அதாவது, அவர் கையால் பதப்படுத்திய தோல் சன்னதிக்குள் போய் முழங்கியது. அவர் வெளியே நின்றார். கருவியை உள்ளே விட்டு, கையை வெளியே நிறுத்திய வழக்கம் அது. இன்றைக்கும் மிருதங்கத்தின் தோல் மாட்டுத் தோலும் ஆட்டுத் தோலும்தான். அதைச் செய்து கொடுக்கிறவர் பேர் கச்சேரி அழைப்பிதழில் வருவது அபூர்வம்.

இந்தக் கதைகளிலெல்லாம் ஒன்றைக் கவனித்தீர்களா? எந்த இடத்திலும் இறைவன் கலைஞனைப் பார்த்து, "நீ கொஞ்சம் உயர்ந்த கலையைக் கற்றுக்கொண்டு வா" என்று சொல்லவில்லை. ஒவ்வொரு தடவையும் நின்றவர்களைத்தான் நகர்த்தினார், இடத்தைத்தான் மாற்றினார். மாற வேண்டியது வாசிக்கிறவர் இல்லை, வாசல்.

அவன் கையில் என்ன இருக்கிறது?

நடராஜர் சிலையைப் பாருங்கள். மேல் வலக்கையில் இருப்பது வீணை இல்லை. உடுக்கை. அந்த ஓசையிலிருந்துதான் சிருஷ்டி என்று சித்தாந்தம் சொல்கிறது. உடுக்கை கிராமத்துப் பூசாரி கையில் இருக்கிற அதே கருவி.

நம் முருகனையே எடுத்துக்கொள்ளுங்கள். தொல்காப்பியம் ஒவ்வொரு நிலத்துக்கும் உரிய கருப்பொருளைச் சொல்லும்போது தெய்வம், உணவு, மரம், பறவை என்ற வரிசையில் பறையையும் சேர்க்கிறது. குறிஞ்சி நிலத்துக்குத் தெய்வம் சேயோன், அதாவது முருகன். பறை, தொண்டகப்பறை. முருகனும் பறையும் ஒரே பட்டியலில் ஒன்றாக இருந்தவர்கள். காவடியும் யார் முதலில் தூக்கியது? இடும்பன். சிவகிரி, சக்திகிரி என்ற இரண்டு மலையைத் தடியில் கட்டித் தோளில் தூக்கி வந்த ஒரு அசுரன். நாம் தைப்பூசத்தில் செய்வது ஒரு சுமைதூக்கியின் வேலையை. அதை முருகன் வழிபாடாகவே ஏற்றுக்கொண்டான்.

இப்போது கொஞ்சம் என் பாடத்துக்கு வருகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். உறுமிக்கு இரண்டு முகம். ஒரு முகத்தைக் குச்சியால் அடிப்பார்கள். இன்னொரு முகத்தை வளைந்த குச்சியால் தேய்ப்பார்கள். அப்போது அடிவயிற்றிலிருந்து புலி உறுமுவது போல ஒரு சத்தம் வருமே, அது எப்படி வருகிறது? குச்சி தோலில் ஒரு கணம் ஒட்டுகிறது, அடுத்த கணம் வழுக்குகிறது, மறுபடி ஒட்டுகிறது, வழுக்குகிறது. ஒரு வினாடிக்குள் பல தடவை. அந்த உராய்வுதான் அதிர்வாகிறது. வயலினில் வில் கம்பியை இழுக்கும்போது நடப்பதும் இதேதான். அதே உராய்வு, அதே அறிவியல். ஒன்றைக் கேட்கச் சபாவில் டிக்கெட் வாங்கி உட்காருகிறோம். இன்னொன்றைக் கேட்டால் "சத்தம் தாங்கல" என்கிறோம்.

சர் சி.வி. ராமன் 1920-லேயே 'நேச்சர்' இதழில் நம் மிருதங்கம், தபலா பற்றி எழுதினார். சாதாரணமாகத் தோல் கருவியில் சுருதி சுத்தமாக நிற்காது. நடுவில் பூசுகிற அந்தக் கறுப்புப் பூச்சினால் நம் மேளம் தந்திக் கருவி போல ஒத்திசைந்த அதிர்வுகளைத் தருகிறது என்று காட்டினார். அந்தப் பூச்சைக் கண்டுபிடித்தவர்கள் பல்கலைக்கழகத்தில் படித்தவர்கள் இல்லை. தோலோடு வாழ்ந்தவர்கள்.

உயர்ந்த கலை எப்படி உயர்ந்தது?

பரதநாட்டியத்தைக் குறைத்துச் சொல்ல வருகிறேன் என்று நினைக்காதீர்கள். அதன் சரித்திரமே என் பக்கம் சாட்சி சொல்கிறது.

நூறு வருஷத்துக்கு முன்னால் அதற்குப் பேர் சதிர். ஆடியவர்கள் தேவதாசிகள். 'நல்ல குடும்பத்துப் பெண் ஆடுவாளா?' என்று கேட்ட காலம். வழக்கறிஞர் ஈ. கிருஷ்ண ஐயர் போன்றவர்கள் அதற்காக வாதாடினார்கள். 1932-இல் சென்னை மியூசிக் அகாடமி 'பரதநாட்டியம்' என்ற பேரை ஏற்றது. 1935-இல் ருக்மிணி தேவி மேடை ஏறினார், 1936-இல் கலாக்ஷேத்திரா பிறந்தது. அவருக்குக் கற்றுக்கொடுத்தவர்களில் ஒருவர் பந்தநல்லூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளை, பரம்பரை நட்டுவனார். பதினைந்து இருபது வருஷத்துக்குள் வெட்கப்பட வேண்டிய ஆட்டம், பெருமைப்பட வேண்டிய கலையானது. அடவு மாறிவிட்டதா? அடிப்படை அடவு அதேதான். மாறியது பேரும் மேடையும், ஆடுகிறவர் யார் என்பதும். அதைத் தலைமுறை தலைமுறையாகக் காத்துத் தந்த பல குடும்பங்கள் அந்த மரியாதையில் பங்கு கிடைக்காமலே ஒதுங்கிப் போனார்கள். இது நாம் மறக்கக் கூடாத பாதிக் கதை.

நாதஸ்வரமும் அப்படித்தான். நின்றுகொண்டுதான் வாசிக்க வேண்டும், சட்டை போடக் கூடாது என்றிருந்த வழக்கத்தை மீறி, மேடையில் உட்கார்ந்துதான் வாசிப்பேன் என்று பிடிவாதம் பிடித்தவர் திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை. இன்று நாதஸ்வரம் இல்லாமல் நமக்குத் தாலி கட்டு உண்டா?

காவடிச்சிந்தை எடுத்துக்கொள்ளுங்கள். அண்ணாமலை ரெட்டியார் கழுகுமலை முருகன் மேல் பாடியது. காவடி தூக்கி நடக்கிறவன் காலுக்கு ஏற்ற மெட்டு. இன்று கச்சேரியில் துக்கடாவாகப் பாடினால் தாளம் போட்டு ரசிக்கிறோம். அதே நடையை ஜாலான் உத்தாமாவில் ஒரு பையன் உறுமியில் வாசித்தால் காதைப் பொத்துகிறோம்.

அப்படியானால் நாம் மரியாதை கொடுப்பது கலைக்கா, நாற்காலிக்கா?

காலம் கொஞ்சம் மாறவும் செய்கிறது. 2025-இல் இந்திய அரசு அலங்காநல்லூர் வேலு ஆசானுக்குப் பறை இசைக்காகவும், புரிசை கண்ணப்ப சம்பந்தனுக்குத் தெருக்கூத்துக்காகவும் பத்மஸ்ரீ கொடுத்தது. அதற்கு வெகு முன்னால், 1960-களில், இலங்கையின் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் மட்டக்களப்புக் கூத்தைப் பல்கலைக்கழக மேடைக்குக் கொண்டுவந்தார். மாணவர்கள் கிராமத்து அண்ணாவிமாரிடம் ஆட்டம் படித்தார்கள். படிக்காத கிழவர் என்று சொல்லப்பட்டவர் முன்னால் பட்டதாரி மாணவன் கைகட்டி நின்று கற்றுக்கொண்டான். நம்மில் எத்தனை பேர் அப்படி ஓர் உறுமிக்கார அண்ணனிடம் போய் நின்றிருக்கிறோம்?

நம் ஜார்ஜ்டவுனிலேயே ஒரு பாடம் இருக்கிறது. சீனர் கோவில் திருவிழாவில் போத்தேஹி என்ற கைப்பொம்மலாட்டம் நடக்கும். மேடையைச் சாமி சன்னதியைப் பார்த்தபடி போடுவார்கள். ரோட்டில் நாலு பேர் நின்று பார்த்தாலும் சரி, ஒருத்தரும் இல்லாவிட்டாலும் சரி, ஆட்டம் நிற்காது. ஏன்னா முதல் ரசிகர் சாமி. நம் உறுமி மேளமும் அதுதானே? லெபு பினாங்கு கோவில் வீட்டிலிருந்து விடியற்காலையில் வெள்ளி ரதம் புறப்படுகிறது. 1894-லிருந்து ஓடுகிற ரதம். 2017-லிருந்து குயின் ஸ்திரீட் மகாமாரியம்மன் கோவிலிலிருந்து தங்க ரதமும் வருகிறது. வழியெல்லாம் தேங்காய் உடைகிறது. காவடி தூக்குகிறவருக்குக் கால் தளரும்போது, தண்ணீர்மலையின் 513 படிக்குக் கீழே நிற்கிறபோது, அவரைத் தூக்கி நிறுத்துவது எது? காவடி எடுத்தவர்களைக் கேட்டுப் பாருங்கள். "மேளம் நின்னா கால் நின்னுடும்" என்பார்கள்.

மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும்

இதைப் படிக்கிற சில பெரியவர்கள் மனதில் ஒரு கேள்வி இருக்கும். "தம்பி, நீ சொல்றதெல்லாம் சரி. குடிச்சிட்டு வர்றாங்களே? குண்டர் கும்பல் சின்னம் போட்ட சட்டை போடுறாங்களே? சாமி ஊர்வலத்தில சினிமாப் பாட்டு வாசிக்கிறாங்களே?"

உண்மை. நானும் பார்த்திருக்கிறேன். அதற்கு நான் வக்காலத்து வாங்க மாட்டேன். விரதம் இருந்து, அலகு குத்தி நிற்கிற ஒருத்தர் முன்னால் குடித்துவிட்டு மேளம் அடிப்பது பாவம். உறுமிக் குழுவில் இருக்கிற தம்பிகளே, இது உங்களுக்கு. மேளத்தைத் தோளில் மாட்டினால் நீங்களும் விரதக்காரர்தான். உங்கள் தோளில் தொங்குவது நந்தனார் கொடுத்த தோல். அதற்குத் தகுந்த மாதிரி நடந்துகொள்ளுங்கள். மரியாதை கேட்கிற உரிமை உங்களுக்கு இருக்கிறது, அதைக் காப்பாற்றுகிற கடமையும் இருக்கிறது.

ஆனால் பெரியவர்களையும் ஒன்று கேட்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். ஒரு கச்சேரி வித்வான் தப்பு செய்தால் அவரைத்தான் திட்டுகிறோம், கர்நாடக சங்கீதத்தைத் திட்டுவதில்லை. ஓர் உறுமிக்காரப் பையன் தப்பு செய்தால் உறுமியையே தடை செய்யலாமா என்று பேசுகிறோம். இது என்ன நியாயம்? இன்னொன்று. பரதநாட்டியம் படிக்கிற பிள்ளைக்கு குரு இருக்கிறார், வகுப்பு இருக்கிறது, சலங்கை பூஜை இருக்கிறது, அரங்கேற்றம் இருக்கிறது. ஒழுக்கம் அங்கிருந்துதான் வருகிறது. உறுமி பழகுகிற பையனுக்கு நாம் என்ன கொடுத்தோம்? கோவில் வளாகத்தில் பழக இடம் கேட்டால் சத்தம் என்று துரத்துகிறோம். அவன் காலி மைதானத்தில் பழகுகிறான். அங்கே அவனுக்கு யார் துணைக்கு வருகிறார்களோ, அவர்கள் சொல்வதைக் கேட்கிறான். கோவில் கைவிட்ட பிள்ளையை வேறு யாரோ எடுத்துக்கொள்கிறார்கள். பிறகு அவன் சட்டையைப் பார்த்துக் குறை சொல்கிறோம்.

நாம் என்ன செய்யலாம்?

பெரிய தீர்மானம் எதுவும் வேண்டாம். நம் இளைஞர் பிரிவுகள் கையில் இருக்கிற விஷயங்களே போதும்.

முதலாவது, பேர். நிகழ்ச்சிப் புத்தகத்தில் குழுவின் பேரும் ஒவ்வொருவர் பேரும் போடுங்கள்.

இரண்டாவது, இலை. எல்லாக் கலைஞருக்கும் ஒரே மண்டபம், ஒரே பந்தி. தேர் முடிய நேரமானால் அவர்களுக்கென்று பாயசத்தோடு எடுத்து வையுங்கள். நாமே பரிமாறுவோம்.

மூன்றாவது, மாலை. தேர் புறப்படும் முன் சன்னதியில் அவர்களுக்கும் பிரசாதம், பொன்னாடை. மேளத்துக்கும் ஒரு தீபாராதனை.

நான்காவது, இடமும் பாடமும். வாரத்தில் ஒரு நாள் கோவில் மண்டபத்தில் பழக நேரம் ஒதுக்குங்கள். திருமுறை வகுப்பு ஆசிரியர் அவர்களுக்குத் திருப்புகழ்ச் சந்தம் சொல்லிக் கொடுக்கட்டும். அவர்கள் நமக்கு உறுமி சொல்லிக் கொடுக்கட்டும். சினிமாப் பாட்டை வாசிக்காதே என்று சொல்வதற்கு முன்னால் வேறு பாட்டைக் கையில் கொடுக்க வேண்டும் இல்லையா?

இந்த வருஷக் கூட்டத்தில் இதைச் சொன்னேன். எல்லாம் நடந்துவிடவில்லை. பழகும் இடத்துக்கு இன்னும் ஒப்புதல் வரவில்லை. "முதல்ல ஒழுங்கா இருக்கட்டும், அப்புறம் பார்க்கலாம்" என்று ஒரு பெரியவர் சொன்னார். பேருக்கும் பந்திக்கும் மட்டும் சரி என்றார்கள். அதுவரைக்கும் சந்தோஷம்.

பேர் கேட்பதற்காக அந்த அண்ணன் வீட்டுக்குப் போனேன். முதலில் போன வருஷத்துக்கு மன்னிப்புக் கேட்டேன். "அதெல்லாம் எதுக்கு தம்பி" என்று தே தாரேக் கலக்கப் போய்விட்டார். புத்தகத்தில் பேர் போடப் போகிறோம் என்றதும் மகளைக் கூப்பிட்டு எழுதச் சொன்னார். தமிழ்ப்பள்ளிக் கையெழுத்தில் அவள் ஒவ்வொன்றாக எழுதினாள். பதின்மூன்று பேர் ஆனது. பதினான்காவது அவர் பேர். அவர் சொல்லவில்லை. "எல்லாரும் படிப்பாங்களே தம்பி, இவ கிளாஸ்ல உள்ளவங்களும் வருவாங்க" என்றார்.

நான் என்ன சொல்வது என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தேன். அந்தப் பிள்ளை அவரைக் கேட்கவில்லை. பட்டியலில் பதின்மூன்று பேருக்கும் மேலே, முதல் வரியில், அப்பா பேரை எழுதி, பக்கத்தில் 'உறுமி' என்று போட்டு, தாளை என்னிடம் நீட்டினாள்.

நண்பர்களே, அடுத்த தைப்பூசத்தில் ரதத்துக்கும் காவடிக்கும் முன்னால் மேளம் வரும்போது கொஞ்சம் நில்லுங்கள். ஒரு பாட்டில் தண்ணீர் கொடுங்கள். பேரைக் கேளுங்கள். ஆலவாய் அண்ணல் பொற்பலகை போட்டார். நம்மால் ஒரு நாற்காலியாவது போட முடியாதா?

வெற்றிவேல் முருகனுக்கு அரோகரா!